எல்லைக் கோட்டில் அறுந்துபோகும் சட்டம்

மரக்காணம் என்றவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு வருவது உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக, கழுவேலி ஏரியின் நீர் கடலை நாடிச் செல்லும் உப்பங்கழியையொட்டி, பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டோர் அக்காட்சியை மறப்பதற்கில்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவச் சிற்றூரில், அம்மாதம் 13-ஆம் நாள் சாராயம் என்று நம்பி நஞ்சை வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் என்று துடித்தவர்களை உறவினர் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் தூக்கிச் சென்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் மாண்டனர். அதே நாட்களில் வடக்கே செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் இதே வகையில் சாவுகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

முதலமைச்சர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு நேரில் வந்தார். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உள்ளிட்ட அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

இவ்வளவும் நடந்த பின்னர், நம்மவர் பலரும் ஒரு கேள்வியைக் கேட்டனர்: "குடித்தவன் செத்தான், அவனுக்குப் பத்து இலட்சமா?" கேள்வியில் கசப்பு இருக்கிறது, ஒரு நியாயமும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆயினும் கிறிஸ்தவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. அந்த நஞ்சு அச்சிற்றூர் வரை எவ்வாறு வந்து சேர்ந்தது? அதைத் தடுப்பதற்கென்று ஊதியம் பெறும் அலுவலகங்கள் இத்தனை இருக்க, அவற்றின் நடுவே அது எவ்வாறு தடையின்றி நடந்து வந்தது? இதைத்தான் கேட்டிருக்கவேண்டும். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவதும் இதுவே.

நஞ்சு வந்த வழி

மாண்டவர்கள் குடித்தது ஊரில் காய்ச்சிய சாராயமன்று என்பதைத் தடய அறிவியல் ஆய்வு வெளிப்படுத்தியது. அது மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம். வண்ணப்பூச்சு, வார்னிஷ், தின்னர் முதலியவற்றின் தயாரிப்பிலும், மருந்துத் தொழிலிலும் அது பெருமளவில் பயன்படுகிறது. நிறத்தாலும் மணத்தாலும் சாராயத்தின் சாரமாகிய எத்தனாலிலிருந்து அதைப் பிரித்தறிவது குடிப்பவனுக்கு எளிதன்று. உடலுக்குள் சென்றபின் ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலமே கண் நரம்பைக் கெடுத்துக் குருடாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்து உயிரையும் மாய்க்கிறது. சில தேக்கரண்டி அளவே ஒருவன் பார்வையைப் பறிக்கப் போதும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இதில் கொடுமையானது யாதெனில், குடித்தவுடன் ஒன்றும் தெரிவதில்லை. பன்னிரண்டு மணி நேரமோ, ஒரு நாளோ கழித்துத்தான் நஞ்சு தன் வேலையைக் காட்டுகிறது. அதற்குள் குடித்தவன் உறங்கி எழுந்து, "நேற்றைய மயக்கம் இன்னும் தெளியவில்லை" என்று எண்ணிக்கொள்கிறான். விரைவில் மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் பலரைக் காப்பாற்ற இயலும். தாமதமானால் மருத்துவரின் திறமையும் பயனற்றுப் போகிறது.

பழைய முறைக் கள்ளச்சாராயத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நன்கு உணர்தல் வேண்டும். வெல்லமும் வேலம்பட்டையும் இட்டு ஊறல் போட்டுக் காய்ச்சுபவனுக்கு மறைவிடம் வேண்டும், விறகு வேண்டும், தண்ணீர் வேண்டும், பானைகள் வேண்டும். புகை எழும், நாற்றம் காற்றில் பரவும், ஊரார்க்குத் தெரிந்துவிடும். காவலர்களும் காட்டையும் ஓடையையும் தேடிச் சென்று ஊறலைக் கவிழ்த்துவிட்டு வரலாம். நமது மதுவிலக்குக் காவல்முறை பல ஆண்டுகளாக இந்தப் பகைவனை எதிர்ப்பதற்கே பழகி வந்திருக்கிறது. மெத்தனாலோ காட்டில் பிறப்பதில்லை. அது தொழிற்சாலையில் பிறந்து, விலைச்சீட்டோடும் கேனோடும் வண்டியில் ஏறி, பகல் வெளிச்சத்தில் நெடுஞ்சாலை வழியே வருகிறது. புகையில்லை, அடுப்பில்லை, நாற்றமில்லை. ஒரு கேனைத் தண்ணீரில் கலந்தால் நூற்றுக்கணக்கான பொட்டலங்கள் ஆகும்.

மரக்காணம் வழக்கில், சென்னையையொட்டிய ஓர் இரசாயனத் தொழிற்கூடத்திலிருந்து வெளியேறிய மெத்தனால், புதுச்சேரியைச் சேர்ந்த இடைத்தரகர்களின் கைகளில் மாறி, இக்கடற்கரைச் சிறு வியாபாரிகளை அடைந்தது என்று காவல்துறையின் விசாரணை தெரிவித்தது. இவ்வழியைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். தொழிற்கூடம் ஒரு மாவட்டத்தில். தரகன் வேறோர் அரசின் ஆட்சிப் பகுதியில். சாவோ இன்னும் இரண்டு மாவட்டங்களில்.

ஒரே சாலை, பல எல்லைகள்

மரக்காணத்திலிருந்து தெற்கு நோக்கிப் பேருந்தில் செல்வோர் இதைக் கண்ணாரக் காணலாம். முதலில் தமிழ்நாடு. கனகசெட்டிக்குளமும் காலாப்பட்டும் வந்தால் புதுச்சேரி. அதைக் கடந்து பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று வந்தால் மறுபடியும் தமிழ்நாடு. அதற்கப்பால் மீண்டும் புதுச்சேரி நகரம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்காலத்தில் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்ட நிலம் இன்றும் அவ்வாறே கிடக்கிறது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற எல்லைக்கோடுகள் அகலவில்லை.

தமிழ்நாட்டில் சாராயக் கடைகள் இல்லை. டாஸ்மாக் நிறுவனம் மட்டுமே சில்லறையில் மது விற்கலாம். புதுச்சேரியிலோ அரசு உரிமம் பெற்ற சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் உண்டு. வரியும் வேறு, விலையும் வேறு. விலையில் வேற்றுமை உள்ள இரு நாடுகள் அருகருகே இருந்தால் கடத்தல் பிறப்பது உலக இயல்பு. டாஸ்மாக் கடையில் கால் புட்டி நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, உப்பளத்திலும் கடலிலும் உழைத்து உடல் நொந்தவனுக்கு, அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் பொட்டலம் பெரும் ஆசை காட்டுகிறது. வெயிலில் பாத்தியை மிதித்து, உப்பை வாரி, கூடை சுமந்து வரப்பேற்றிக் கரையில் குவிப்போரின் உழைப்பை நேரில் கண்டவர்கள், "ஏன் குடிக்கிறான்?" என்று எளிதாகக் கேட்டுவிடமாட்டார்கள். குடியை நாம் நியாயப்படுத்தவில்லை. வலியையும் வறுமையையும் விலையாக்கி வாணிகம் செய்பவன் யார் என்பதையே சுட்டுகின்றோம்.

யார் கையில் எது?

ஒரு கேன் மெத்தனாலைத் தடுக்கவேண்டிய பொறுப்பு எத்தனை அலுவலகங்களுக்கு உண்டு என்று எண்ணிப் பார்ப்போம். தொழிற்கூடத்துக்கு உரிமம் வழங்குவதும் இருப்புக் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரு துறையின் கடமை. மாவட்ட ஆட்சியரின் கீழ் இயங்கும் கலால் அதிகாரிகள் ஒருபுறம். காவல்துறையில் சட்டம்-ஒழுங்கு நிலையம் ஒன்று; மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு மற்றொன்று; கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வேறொன்று. கிராம அளவில் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர்கள். நோயாளி வந்து சேரும் மருத்துவமனை சுகாதாரத் துறையினது. இவை தமிழ்நாட்டு அரசின் கரங்கள் மட்டுமே. எல்லைக்கு அப்பால் புதுச்சேரியின் காவல்துறையும் கலால் துறையும் தனியே நிற்கின்றன.

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் திருமுகத்தில் உடலின் உறுப்புகளைப்பற்றிப் பேசுகிறார். கண்ணும் கையும் காலும் தனித்தனியே சிறந்திருந்தும், ஒன்றை மற்றொன்று வேண்டாமென்று தள்ளுமாயின் உடல் என்னாகும்? உரிமம் தரும் அலுவலகத்துக்கு, எவ்வளவு மெத்தனால் வாங்கப்பட்டது என்று தெரியும். அது எங்கே போயிற்று என்று தெரியாது. காவலருக்கு, ஊரில் பொட்டலம் விற்பவன் இன்னான் என்று தெரியும். பொட்டலத்துக்குள் இருப்பது யாதென்று தெரியாது. மருத்துவருக்கு, நோயாளியின் உடலில் இருப்பது நஞ்சென்று தெரியும். அது எவ்வூரில் விற்கப்படுகிறதென்று தெரியாது. மூவர் அறிந்ததும் ஒரு மேசையில் ஒன்றுசேர்ந்தால் அந்த நஞ்சின் முழு உருவமும் தெரிந்துவிடும். சேராவிட்டால் அவரவர் ஏட்டில் அவரவர் கணக்குச் சரியாகவே இருக்கும். மனிதர் மட்டும் மடிவர்.

எனவே சட்டம் தோற்பது அலுவலகங்களுக்கு உள்ளே மட்டுமன்று; ஓர் அலுவலகத்துக்கும் மற்றோர் அலுவலகத்துக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியில்தான் அது பெரிதும் அறுந்துபோகிறது. கடத்தல்காரன் அந்த இடைவெளியை நன்கறிந்தவன். அவனுக்கு மாவட்ட எல்லை சுவரன்று, மறைவிடம்.

ஒற்றுமை மட்டும் போதுமா?

இவ்விடத்தில் இக்கடற்கரையின் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்வது நலம். ஆங்கிலேயர் காலத்தில், சென்னை மாகாணத்தில் உப்பையும் மதுவையும் ஒரே இலாகா ஆண்டது. உப்பு-ஆப்காரி இலாகா என்று நம் முன்னோர் அதை அழைத்தனர். உப்பளங்களைக் காவல் காத்ததும், சாராயக் குத்தகையை மேற்பார்த்ததும் அதுவே. பல துறைகள் இன்று செய்யும் வேலையை ஒரே துறை அன்று ஒற்றுமையாகவே செய்தது. ஆனால் எதற்காக? வரிக்காக. ஏழை தன் காலடியில் விளையும் உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். அவனே சாராயக் கடையில் கூலியைக் கொட்டினால் அரசுக்கு வருமானம். அந்த உப்பு வரி 1947-இல் ஒழிந்தது.

துறைகள் ஒன்றுசேர்வது மட்டும் அறமாகிவிடாது என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. எதன்பொருட்டு ஒன்றுசேர்கின்றன என்பதே முதன்மையானது. மனித உயிரைக் காப்பது நோக்கமானால் ஒத்துழைப்பு புண்ணியம். வருமானத்தையோ, பெயரையோ, பதவியையோ காப்பது நோக்கமானால் அது வெறும் இயந்திரம். ஒரு கையால் மது விற்று மறு கையால் மதுவிலக்குச் சட்டத்தை நடத்தவேண்டிய நிலையில் உள்ள எந்த அரசுக்கும் இந்த மனச்சான்றுச் சோதனை தேவை. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. அதை நாம் வரவேற்கின்றோம். அவ்வழியில் இன்னும் செல்லவேண்டிய தொலைவு நீண்டது என்பதையும் மறவோம்.

பதின்மூன்று மாதங்கள்

மரக்காணத்துத் துயரத்துக்குப் பின் எழுந்த வேகம் எத்தனை நாள் நிலைத்தது? பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மாண்டனர். அம்மாவட்டம் 2019-இல்தான் நம் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. நஞ்சு விற்ற கருணாபுரம் எங்கோ மலைக்காட்டில் இருந்ததன்று; நகரின் நடுவிலேயே இருந்தது. இம்முறையும் ஆட்சியர் மாற்றப்பட்டார். கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அம்மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும், 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வகை செய்தது. நவம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கள்ளக்குறிச்சி வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்க ஆணையிட்டது.

இவை புதியனவல்ல. 2001-ஆம் ஆண்டில் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே இறந்தனர். 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்திலும், அதையொட்டிய நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் ஒரு மாநில எல்லை குறுக்கே கிடந்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் சாவு, சோதனை, கைது, இடமாற்றம், பின்னர் மறதி. மழைக்காலத்தில் மட்டும் கரை கட்டி, கோடையில் அதைக் கவனியாமல் விடுபவன் ஏரியைக் காக்க முடியுமா? தண்டனையின் கடுமை தேவைதான். ஆனால் ஆண்டு முழுவதும் தவறாது நடக்கும் எளிய சோதனை, ஆண்டுக்கொருமுறை எழும் பெரும் புயலைவிட அதிகப் பயன் தரும்.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றும் இங்குப் பொருந்தும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மது பரவிப் பலர் இறந்தனர். அந்நாட்டு அரசு, இருபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாராயச் சத்துள்ள மதுவகைகள் யாவற்றின் விற்பனையையும் நாடு முழுவதும் சில நாட்களுக்கு ஒரேயடியாக நிறுத்தியது. அண்டை நாடுகளான போலந்தும் சுலோவாக்கியாவும் செக் நாட்டு மதுவகைகளுக்குத் தம் எல்லையை மூடின. நஞ்சைக் கலந்தவர்கள் அம்மாத இறுதிக்குள் கண்டுபிடிக்கப்பட்டனர். அதற்குப் பின்னர் விற்பனை தொடங்கியபோது, மது எங்கே, எதிலிருந்து தயாரானது என்பதற்குச் சான்றிதழ் காட்டவேண்டுமென்று விதிக்கப்பட்டது. அங்கே அரசு வருமானத்தைப் பொருட்படுத்தவில்லை. எல்லையின் இருபுறமும் உள்ளவர்கள் உடனுக்குடன் செயல்பட்டனர். ஆபத்து நீங்கியபின்னும் நிலையான ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினர். இம்மூன்றும் நமக்குப் பாடம். கேனுக்கும் ஒரு பிறப்புச் சான்று வேண்டும். அது கைமாறும் இடந்தோறும் ஒரு கையொப்பம் வேண்டும்.

சமாரியனும் சத்திரக்காரனும்

எரிக்கோ சாலையில் கள்வர் கையில் அகப்பட்டவனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். சமாரியனின் இரக்கத்தைப் போற்றுகின்றோம். ஆனால் அவ்வுவமையின் பிற்பகுதியைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். சமாரியன் தானே எல்லாவற்றையும் செய்துமுடிக்கவில்லை. காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுசென்று, அங்குள்ளவனிடம் ஒப்படைத்தான். செலவுக்குப் பணமும் தந்தான். அத்தோடு நில்லாமல், திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு ஆகும் செலவைத் தருவதாகவும் உறுதி கூறிச் சென்றான். ஒருவன் தொடங்கிய பணியை மற்றொருவன் ஏற்றான். தொடங்கியவன் திரும்பி வந்து பார்ப்பதாகச் சொன்னான். துறைகளின் ஒத்துழைப்புக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் ஏது? ஒப்படைத்தல், ஏற்றுக்கொள்ளுதல், திரும்பி வந்து பார்த்தல். நம் அலுவலகங்களில் ஒப்படைத்தல் மட்டும் கடிதமாக நடக்கிறது. திரும்பி வந்து பார்த்தல் அரிதாகிறது. அடிபட்டவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவரும் அன்று தத்தம் கடமையிலிருந்து தவறியதாக எண்ணியிருக்கமாட்டார்கள். "இது நம் எல்லையன்று" என்றே எண்ணியிருக்கக்கூடும்.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதற்கு ஒளி தருகிறது. 1931-ஆம் ஆண்டில் பாப்பிறை பதினோராம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் ஒரு தத்துவத்தை விளக்கினார். சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. அதே வேளையில், சிறியதால் இயலாதபோது பெரியது துணைக்கு வந்தாகவேண்டும் என்பது அதன் சாரம். மெத்தனாலின் கணக்கைச் சோதிக்கக் குப்பத்துப் பஞ்சாயத்தாரால் இயலாது. அது அரசின் வேலை. ஆனால் எந்த வீட்டுத் திண்ணையில் பொட்டலம் கைமாறுகிறது என்பதைச் சென்னைக் கோட்டையிலிருந்து காணவும் இயலாது. அது ஊராரின் வேலை. ஒன்றையொன்று சாராமல் இரண்டும் பயன்படுவதில்லை.

நம் பங்கில் செய்யத்தக்கவை

ஆதலின் இப்பொறுப்பு அரசு அதிகாரிகளோடு முடிவதன்று. சட்டத்தைக் காக்கும் துறைகளுள் பெயரிடப்படாத துறை ஒன்று உண்டு. அதுவே ஊர்ச் சமூகம். அதில் நம் பங்கும் அன்பியங்களும் அடங்கும்.

முதலாவது, உயிரைக் காக்கும் அறிவு. கள்ளச்சாராயம் குடித்தவனுக்குப் பார்வை மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். என்ன குடித்தான், எப்போது குடித்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. காவலரை அஞ்சியும் மானத்தை எண்ணியும் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத் தின்கிறது. அவனோடு சேர்ந்து குடித்தவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும். இச்செய்தி ஒவ்வோர் அன்பியக் கூட்டத்திலும் சொல்லப்படவேண்டும்.

இரண்டாவது, அஞ்சாமல் தெரிவித்தல். மதுவிலக்குக் குற்றங்களைத் தெரிவிக்க 10581 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. தனி ஒருவர் அஞ்சுவது இயல்பே. விற்பவன் பெரும்பாலும் அடுத்த தெருவினன், சிலவேளை உறவினன். ஆகவே மாதர் சங்கமும் இளைஞர் இயக்கமும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாகச் சேர்ந்து எழுத்துமூலம் தெரிவிப்பது நலம். அம்மனுவைக் காவல் நிலையத்துக்கு மட்டும் அனுப்பாமல், ஆட்சியருக்கும் கலால் அதிகாரிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரே நாளில் படி அனுப்பவேண்டும். எங்கட்குத் தெரியாது என்று எவரும் பின்னர்ச் சொல்ல இடமிராது. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் சென்று, முன்பு தந்த மனு என்னாயிற்று என்று கேட்பதும் வேண்டும். சமாரியன் திரும்பி வந்து பார்ப்பதாகச் சொன்னது இதற்குத்தான்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குதல் கடமை. குருக்கள் காவல்துறையின் ஒற்றர் அல்லர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது கல்லறை வரை முத்திரையிடப்பட்டது. அதை எந்தச் சட்டத்துக்காகவும் திறப்பதற்கில்லை. ஆனால் ஊரறிந்த தீமையைக் கண்டும் மக்கள் ஊமையாயிருப்பதற்கு அந்த முத்திரை சாக்காகாது. தாம் கண்டதைச் சொல்லும் உரிமையும் கடமையும் பொதுநிலையினருக்கு உண்டு.

மூன்றாவது, விற்பவனுக்கும் ஒரு வழி. பொட்டலம் விற்பவர்களுள் கணவனை இழந்த பெண்களும், வேறு பிழைப்பற்றோரும் உண்டு. மனந்திருந்திய மதுவிலக்குக் குற்றவாளிகளுக்குத் தொழில் தொடங்க உதவித்தொகை தரும் அரசுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மழைக்காலத்தில் வேலையற்று நிற்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டமும் 2022 முதல் நடைபெறுகிறது. இவற்றை அறியாதோர் பலர். விண்ணப்பம் எழுதித் தரவும் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்வந்தால், அது காவலரின் தடியைவிட நெடுநாள் நிலைக்கும் சட்டக் காவலாகும். விற்பதை நிறுத்தியவனுக்கு வேறு வருவாய் கிடைத்தால்தான் நிறுத்தியது நிலைக்கும்.

நான்காவது, நம் இல்லங்களின் ஒழுங்கு. திருமணத்திலும் திருவிழாவிலும் இறப்புச் சடங்கிலும் மது பரிமாறப்படும்வரை, குப்பத்துக் குடியனைக் குறைகூற நமக்கு நா எழலாகாது. குடிநோயை விட்டு மீள விரும்புவோர்க்கு ஆதரவாக நிற்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பெருகவேண்டும். குடியால் தந்தையை இழந்த பிள்ளைகளை, "சாராயத்தில் செத்தவன் மகன்" என்று பள்ளியிலோ தெருவிலோ சொல்லும் நாவை நம் வீட்டிலேயே அடக்கவேண்டும்.

அரசிடம் நாம் வேண்டுவது

இறுதியாக, ஆள்வோரிடம் நாம் பணிவுடன் வேண்டுவது பெரிதன்று. விழுப்புரம், செங்கற்பட்டு, கடலூர், புதுச்சேரி ஆகியவற்றின் காவல், கலால், வருவாய், சுகாதார அதிகாரிகள் சாவு நேர்ந்த பின் கூடாமல், சாவு நேராதபோதும் மாதந்தோறும் ஒரே மேசையில் கூடட்டும். மெத்தனால் வாங்குவோர், விற்போர் கணக்கு அவர்கள் யாவர் கண்ணிலும் படட்டும். ஒரே விதமான நோயோடு இருவர் எந்த மருத்துவமனைக்கு வந்தாலும், அது எல்லைக்கு இப்புறமாயினும் அப்புறமாயினும், அன்றைய பொழுது சாய்வதற்குள் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் செய்தி எட்டட்டும். தவறிய அதிகாரியை மாற்றுவதோடு, அவர் விட்டுச்சென்ற ஏற்பாடு தொடர்கிறதா என்று அடுத்தவரிடம் கேட்கப்படட்டும்.

காயின் தன் சகோதரனைப்பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தன் பொறுப்பன்று என்னும் பொருள்பட மறுமொழி கூறினான். அலுவலகங்களும் ஊர்களும் அவ்வாறு கூறும்போதெல்லாம் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது. எக்கியார்குப்பத்து மண்ணும் அவ்வாறு கூப்பிட்டது. அக்குரலைக் கேட்டு, ஒவ்வொரு துறையும் தன் எல்லையின் ஓரம்வரை வந்து அடுத்த துறையின் கையைப் பிடித்துக்கொள்ளுமாயின், ஒவ்வொரு குடும்பமும் தன் வாயிற்படியைக் கடந்து அடுத்த வீட்டாரின் துயரை விசாரிக்குமாயின், இக்கடற்கரைக்கு இனி வரும் ஆண்டுகளில் உப்பின் பெயரே நிலைக்கும். உலகுக்கு உப்பாயிருக்க அழைக்கப்பட்டவர்கள் நாம். உப்பளத்து மக்களுக்கு அந்த அழைப்பின் பொருளை வேறெவரும் விளக்கவேண்டியதில்லை.